மச்சம் இல்லாமல் தசை வளர்ப்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன், இறைச்சி, முட்டை இல்லாத சாப்பாட்டோடு எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களும் தொடங்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பால், தயிர்கூட இல்லாத சாப்பாட்டையே கணக்கில் எடுத்திருக்கிறோம். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பருப்பு, அரிசி, மா ஆகியவற்றின் அளவுகள் எல்லாம் சமைக்க முன் உலர்ந்த நிலையில் நிறுத்தவை. தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணளவு இந்த விஷயத்தில் எப்போதும் ஏமாற்றும்.

மீன் சாப்பிடாமல் உண்மையிலேயே தசை வளருமா?

வளரும். தசை வளர வேண்டும் என்ற கட்டளையைக் கொடுப்பது நீங்கள் தூக்கும் சுமை. அந்தக் கட்டளையை நிறைவேற்றத் தேவையான, புரதத்தின் அங்கங்களான அமினோ அமிலங்களைக் கொடுப்பது சாப்பாடு. அந்த அமிலம் பாரைமீனிலிருந்து வந்ததா பயறிலிருந்து வந்ததா என்று தசைக்குத் தெரியாது. போதுமான அளவு வந்ததா என்பதுதான் அதற்கு முக்கியம்.

2021இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில், தாவர உணவு மட்டும் உண்ணும் 19 இளைஞர்களும் எல்லாம் உண்ணும் 19 இளைஞர்களும் 12 வாரம் கால் தசைக்குப் பயிற்சி செய்தார்கள். இரு பகுதியினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். தாவர உணவுக்காரருக்குக் குறைந்ததைச் சோயாப் புரதமாவால் நிரப்பினார்கள். முடிவில் தசையின் அளவிலும் பலத்திலும் இரு பகுதியினருக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

ஆனால் அந்த 1.6 கிராம் என்ற நிபந்தனையைத் தவறவிட்டால் இந்த முடிவு உங்களுக்குப் பொருந்தாது. நம் வீடுகளின் வழக்கமான மரக்கறிச் சாப்பாடு அதற்குக் கிட்டவும் வராது.

அப்படியானால் எனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

உங்கள் எடையை 1.6ஆல் பெருக்குங்கள். 60 கிலோ என்றால் 96 கிராம், 70 கிலோ என்றால் 112 கிராம். தாவரப் புரதம் சற்றுக் குறைவாகச் சமிபாடடைவதால் 1.8 வரை போனாலும் சரியே. உடல் மிகப் பருமனாக இருந்தால் இப்போதைய எடையை அல்ல, உங்கள் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடுங்கள்.

இங்குள்ள கடைகளில் கிடைப்பவற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ எவ்வளவு புரதம் என்று பார்ப்போம்:

சோயா மீற் (உலர்ந்தது): 45 முதல் 50 கிராம்
சோயா அவரை: 36
கச்சான் (நிலக்கடலை): 25
உழுந்து: 25
மைசூர்ப் பருப்பு, பயறு, கௌபி: 24
கடலை (கொண்டைக்கடலை): 20
எள்ளு: 18
ஆட்டா மா: 12
அரிசி, குரக்கன்: 7
தேங்காய்ப்பூ: 3

கடைசி வரியைக் கவனியுங்கள். தேங்காய் நல்ல உணவு. ஆனால் 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி அளவில் இருக்க, புரதம் வெறும் 3 கிராம். புட்டும் சம்பலும் வயிற்றை நிரப்பும், தசைக்கு அநேகமாக எதுவும் கொடுக்காது.

நான் ஒவ்வொரு நாளும் பருப்புச் சாப்பிடுகிறேன். அது போதாதா?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்கான பதிலைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வோம்.

நம் சமையலில் பருப்புக்கறி என்பது சோறு இறங்குவதற்காக வைக்கப்படுவது. நான்கு பேர் உள்ள வீட்டில் 100 கிராம் மைசூர்ப் பருப்பைப் போட்டு, இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதலாம் பால் சேர்த்து இறக்கினால் சட்டி நிறைந்துவிடும். ஆளுக்கு 25 கிராம் பருப்பு. அதாவது 6 கிராம் புரதம். அதே தட்டில் 150 கிராம் அரிசிச் சோறு இருக்கும், அதிலிருந்து 10 கிராம் வரும். கத்தரிக்காயும் கீரையும் சேர்த்தாலும் ஒரு நேரத்துக்கு 20 கிராமைத் தாண்டாது. காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் பாணும் சம்பலும் என்றால் நாள் முழுவதுக்கும் 45 கிராம் வந்தாலே பெரிது.

எனவே முறையைத் திருப்பிப் போடுங்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பு என்றில்லாமல், பருப்போடு சேர்த்துச் சாப்பிடச் சோறு என்று தட்டைப் போடுங்கள். உங்களுக்கு மட்டும் 60 கிராம் பருப்பைத் தனியே நிறுத்து, தண்ணீர் குறைத்து, கரண்டியில் நிற்கும் பதத்துக்கு அவியுங்கள். வீட்டுச் சட்டியிலிருந்து பங்கு எடுப்பதானால் அடியில் இருக்கும் தடிப்பான பகுதியை எடுங்கள். மேலே நிற்பது பருப்புத் தண்ணீர். சமைப்பவர் அம்மாவோ மனைவியோ என்றால் இதை அவரோடு பேசியே மாற்ற வேண்டும். பருப்புப் போத்தலை நீங்களே நிறுத்து எடுத்துக் கொடுப்பது அவருக்கும் உதவி.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்ல முடியுமா?

காலை: 70 கிராம் பயறை இரவே ஊறவைத்து அவித்து, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் கட்டைச்சம்பலும். கூடவே சீனி குறைந்த சோயாப்பால் 250 மில்லிலீற்றர். புரதம் 25 கிராம்.

மதியம்: 120 கிராம் அரிசிச் சோறு, 60 கிராம் மைசூர்ப் பருப்பு, 30 கிராம் சோயா மீற் பிரட்டல், முருங்கையிலை வறை. 39 கிராம்.

மாலை: 40 கிராம் கச்சான், வாழைப்பழம் ஒன்று. 11 கிராம்.

இரவு: 100 கிராம் ஆட்டா மாவில் ரொட்டி, 60 கிராம் கடலையில் கறி. 24 கிராம்.

மொத்தம் 99 கிராம் புரதம், ஏறத்தாழ 2300 கலோரி. இரவில் தோசை வேண்டுமென்றால் உழுந்தைக் கூட்டுங்கள். அரிசிக்கு நாலில் ஒரு பங்கு உழுந்து போடும் வீட்டில் மூன்றில் ஒரு பங்காக்கினால் தோசை கெடாது, மெத்தென்றே வரும். மாலையில் கச்சான் அலுத்துவிட்டால் கடற்கரையில் விற்கும் அவித்த கடலையை வாங்கலாம். 150 கிராம் அவித்த கடலையில் 13 கிராம் புரதம் இருக்கிறது. பொரித்த வடையும் பற்றீஸும் அந்தக் கணக்கில் வராது.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சாப்பிட வேண்டாம். நேரத்துக்கு 25 முதல் 35 கிராம் என்று மூன்று, நான்காகப் பிரித்தால் வயிறும் தாங்கும், தசைக்கும் அதுவே நல்லது. பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரதம் எடுக்காவிட்டால் எல்லாம் வீண் என்று சொல்பவர்களை நம்பி அவசரப்பட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நல்ல சாப்பாடு கிடைத்தால் போதும்.

தாவரப் புரதம் “முழுமையற்றது” என்கிறார்களே?

அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் மெதியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். சோறும் பருப்பும், தோசையும் சாம்பாரும், ரொட்டியும் கடலைக்கறியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்றும் இல்லை, அதே நாளுக்குள் வந்தால் போதும். சோயாவில் எல்லாமே தேவையான அளவில் இருக்கின்றன.

சோயா மீற் சாப்பிட்டால் ஆண்மை குறையுமா? மார்பு வளருமா?

இல்லை. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் வடிவம் பெண் ஹோர்மோனை ஓரளவு ஒத்திருப்பதால்தான் இந்தப் பயம் கிளம்பியது. ஆண்களிடம் செய்யப்பட்ட பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, வழக்கமான அளவில் சோயா உண்பதால் ஆண் ஹோர்மோனான டெஸ்டொஸ்டிரோன் குறைவதாகத் தெரியவில்லை. நாளுக்கு 30 முதல் 50 கிராம் உலர்ந்த சோயா மீற்றுக்கு யோசிக்கவே வேண்டாம்.

தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாச் சாப்பாட்டுக்கும் நடுவே சில மணி நேரம் விடுங்கள். மாத்திரை உடலில் சேர்வதைச் சோயா குறைக்கும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது பக்கற்றுக்குள் வரும் சுவைத்தூள். அதில் உப்பு மிக அதிகம். அதை ஒதுக்கிவிட்டு வீட்டுத் தூளைப் போடுங்கள். பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பாருங்கள். 40க்குக் கீழே இருந்தால் வேறு வாங்குங்கள். கொதிநீரில் 5 நிமிடம் போட்டு, குளிர்நீரில் இரண்டு முறை அலசி, கையால் இறுகப் பிழியுங்கள். பிழியாமல் போட்டால் சோயா வாசம் போகாது, மசாலாவும் உள்ளே இறங்காது. சோயா மீற் பிடிக்கவில்லை என்பவர்களில் பாதிப்பேர் சரியாகப் பிழியாதவர்கள்.

டோஃபு விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. 250 கிராம் சோயா அவரையை 8 மணி நேரம் ஊறவையுங்கள். வெயில் காலத்தில் அதற்கு மேல் வெளியே வைத்தால் புளித்துவிடும். தோலைத் தேய்த்து நீக்கி, மொத்தம் 2 லீற்றர் தண்ணீர் விட்டு மிக்சியில் நைசாக அடித்து, மெல்லிய பருத்தித் துணியில் வடியுங்கள். அந்தப் பாலைப் பெரிய பானையில், பாதி வெற்றிடம் விட்டு, அடியைக் கிண்டியபடி காய்ச்சுங்கள். நுரை திடீரென்று பொங்கும். அதைக் கொதி என்று நினைத்து இறக்கிவிட வேண்டாம். தீயைக் குறைத்து முழுதாக 10 நிமிடம் கொதிக்க வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, அது வேகவைத்தால்தான் அடங்கும்.

அடுப்பை அணைத்து 5 நிமிடம் ஆறவிடுங்கள். நான்கு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றை ஒரு கப் தண்ணீரில் கலந்து, மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மெதுவாக ஒரு சுற்று மட்டும் கிண்டுங்கள். பத்து நிமிடத்தில் கட்டிகள் திரண்டு, நடுவில் தெளிந்த மஞ்சள் நீர் தெரிய வேண்டும். நீர் இன்னும் பால்போல் இருந்தால் சாறு போதவில்லை, ஒரு கரண்டி கூட்டுங்கள். கட்டி மணல்போல உதிர்ந்தால், பால் மிகச் சூடாக இருக்கும்போதே ஊற்றிவிட்டீர்கள் அல்லது வேகமாகக் கிண்டிவிட்டீர்கள். திரண்டதைத் துணியில் வடித்து மடித்து, மேலே ஒரு கிலோ எடை வைத்து அரை மணி நேரம் விட்டால் கறிக்கு வெட்டும் பதம் வரும். தண்ணீரில் மூழ்கவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றினால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் நிற்கும்.

துணியில் எஞ்சும் சக்கையை எறியாதீர்கள். புரதத்தில் ஒரு பங்கு அதில்தான் தங்கியிருக்கிறது. ரொட்டி மாவிலோ வடையிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

பருப்பைக் கூட்டியதும் வயிறு ஊதிப்போகிறது. என்ன செய்வது?

ஒரே நாளில் 25 கிராமிலிருந்து 150 கிராமுக்குத் தாவினால் யாருக்கும் ஊதும். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பழக மூன்று நான்கு வாரம் எடுக்கும். வாரத்துக்கு 25 கிராம் என்று ஏற்றுங்கள். கடலை, கௌபி, பயறு எல்லாவற்றையும் 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அவியுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். அரைவேக்காட்டுக் கடலைதான் அதிகம் ஊதவைக்கும். உள்ளியும் இஞ்சியும் பெருங்காயமும் எப்படியும் நம் சமையலில் இருக்கின்றன.

அதற்குப் பிறகும் சிரமமாக இருந்தால் முழுத் தானியத்தைக் குறைத்து, தோல் நீக்கிய மைசூர்ப் பருப்பு, டோஃபு, சோயா மீற் பக்கம் போங்கள். நார்ச்சத்து குறையும், புரதம் குறையாது. சாப்பாடு அளவாக இறங்காமல் மெலிந்துகொண்டே போகிறவர்களுக்கும் இதே வழிதான்.

ஜிம்முக்குப் போகாமல் வீட்டிலேயே செய்ய முடியுமா? என்ன பயிற்சி, எத்தனை தடவை?

முதல் ஆறேழு மாதத்துக்கு வீடு தாராளம். எடைக்கு வழி இருக்கிறது. 5 லீற்றர் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் 8 கிலோ அளவில் வரும். 20 லீற்றர் தண்ணீர்க் கான் 20 கிலோ. பாடசாலைப் பையில் 5 கிலோ அரிசிப் பக்கற் இரண்டு வைத்தால் 10 கிலோ. மணலை உரப்பையில் கட்டும்போது உள்ளே ஒரு பொலித்தீன் பையும் போடுங்கள். ஈரம் ஏறினால் எடை மாறிவிடும், கணக்குப் பிழைக்கும்.

வாரத்தில் மூன்று நாள் போதும். திங்கள், புதன், சனி என்று வைத்தால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஜும்ஆவுக்கும் இடைஞ்சல் இல்லை. இரண்டு அட்டவணைகளை மாறி மாறிச் செய்யுங்கள்.

முதலாவது: பையை நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட் (குந்தி எழும்புதல்), புஷ்அப் (கை ஊன்றி உடலை இறக்கி ஏற்றுதல்), ஒரு கையால் கானை இடுப்புக்கு இழுக்கும் ரோவிங், கடைசியில் பிளாங் (முழங்கை ஊன்றி உடலை நேராகப் பிடித்து நிற்பது).

இரண்டாவது: கான்கள் இரண்டைப் பிடித்து இடுப்பை மடக்கும் ரோமானிய டெட்லிஃப்ட், பையைத் தலைக்கு மேல் தூக்குதல், புல்அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல்), ஒரு காலை முன்வைக்கும் லஞ்ச்.

ஒவ்வொன்றும் 3 செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுத்தான் செட்), செட்டுக்கு 8 முதல் 12 தடவை; பிளாங்கை மட்டும் எண்ணாமல் பிடித்து நில்லுங்கள். செட்டுகளுக்கு நடுவே 2 நிமிடம் ஓய்வு. அவசரப்பட்டு 30 விநாடியில் அடுத்த செட்டைத் தொடங்கினால் மூச்சுத்தான் வாங்கும், தசைக்குச் சுமை சரியாகப் போகாது. எடையை இறக்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணி இறக்குங்கள்.

புஷ்அப் ஒன்றுகூட வராதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, பிறகு படி, கடைசியில் தரை என்று இறங்கலாம். தரையில் 15 தாண்டியதும் முதுகில் பையைப் போடுங்கள். புல்அப் வராவிட்டால் கதிரையில் ஏறிக் கம்பிக்கு மேலே நாடியை வைத்து, ஐந்து விநாடியில் மெதுவாக இறங்குவதை மட்டும் 5 தடவை செய்யுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், அது சரியும்.

எங்கே பிழைக்கும்? ஸ்குவாட்டில் குதி தரையை விட்டு எழும்பினால் கணுக்கால் இறுக்கம். குதிக்கு அடியில் ஒரு அங்குலப் பலகை வைத்துப் பழகுங்கள். முழங்கால்கள் உள்ளே சாய்ந்தால் எடை அதிகம், குறையுங்கள். டெட்லிஃப்டில் நாரி (கீழ்முதுகு) வளைந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த அசைவு நாரியிலிருந்து அல்ல, இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பின்னால் ஒரு கதவை இடுப்பால் தள்ளி மூடுவதுபோலப் பின்னுக்குத் தள்ளுங்கள், கான்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்ததும் திரும்புங்கள். தொடையின் பின்புறம் இழுபட வேண்டும், நாரி அல்ல. மறுநாள் தசை நோவது இயல்பு, இரண்டு மூன்று நாளில் ஆறும். மூட்டுக்குள் குத்துவது இயல்பு அல்ல.

எடையை எப்போது கூட்டுவது?

ஒவ்வொரு செட்டையும், இன்னும் ஒன்றிரண்டு தடவை மட்டுமே முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். ஐந்தாறு தடவை மீதம் இருக்கும்போதே நிறுத்துபவர்கள் வருடக்கணக்கில் செய்தாலும் மாற மாட்டார்கள். ஒரு கொப்பியில் திகதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை என்று எழுதுங்கள். மூன்று செட்டிலும் 12 தொட்டதும் 2 முதல் 2.5 கிலோ கூட்டுங்கள். எண்ணிக்கை மறுபடி 8க்கு இறங்கும். அங்கிருந்து 12க்கு ஏறுங்கள். கானில் ஒரு லீற்றர் தண்ணீர் கூட்டினால் ஒரு கிலோ என்பதால், இந்த விஷயத்தில் கான் பல டம்பெல்களைவிட வசதி.

எட்டு வாரம் கழித்து, பின்தங்கும் தசைக்கு ஒரு செட் கூட்டலாம். ஒரு தசைக்கு வாரத்தில் 10 செட் அளவில் வந்தால் நல்ல வளர்ச்சி கிடைக்கும்.

தினமும் கோணேசர் கோயில் வரை ஏறுகிறேன். காலுக்கு அது போதாதா?

பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து சுவாமி மலை உச்சி வரை நடப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் அதில் ஒவ்வொரு கால் எடுப்பும் இலேசானது, நூற்றுக்கணக்கில் செய்கிறீர்கள். முதல் சில வாரத்துக்குப் பிறகு தொடைக்கு அது புதுச் சுமையே அல்ல. வாரத்தில் இரண்டு நாள் ஸ்குவாட்டும் லஞ்சும் செய்துவிட்டு, மற்ற நாட்களில் ஏறுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் எப்படிப் பயிற்சி செய்வது?

மே முதல் செப்ரெம்பர் வரை மேற்கிலிருந்து வரும் அந்த வரண்ட காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் இழந்தோம் என்றே தெரியாது. விடிய 5.30க்கு அல்லது மாலை 6க்குப் பிறகு செய்யுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லீற்றர் வரை தண்ணீர் குடித்து ஈடுசெய்ய வேண்டும், ஒரே மூச்சில் அல்ல, அடுத்த சில மணி நேரத்தில். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீரோடு சாப்பாட்டில் உப்பும் இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் மலிவானது, நல்லது.

தலை சுற்றி, குளிர்ந்து நடுங்கினால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. நிழலில் படுத்து உடலை நனையுங்கள். பேச்சுக் குழறினால் உடனே வைத்தியசாலை.

விரத நாட்களில் என்ன செய்வது?

கந்தசஷ்டி ஆறு நாளில் சேர்த்த தசை கரைந்துவிடாது. பலர் அந்தப் பயத்தில் விரதத்தையோ பயிற்சியையோ கைவிடுகிறார்கள், இரண்டும் தேவையில்லை. எடையைக் குறைக்காமல் செட்டுகளைப் பாதியாக்குங்கள். மூன்று செட்டுக்குப் பதில் ஒன்று அல்லது இரண்டு. தண்ணீர் மட்டும் எடுக்கும் கடும் விரதமானால் பயிற்சியை நிறுத்தி நடந்தால் போதும். பாறணைக்குப் பிறகு முதல் நாளே பழைய அளவுக்குத் தாவாமல் மூன்று நாளில் ஏறுங்கள். கௌரி விரதம், பெருங்கதை போல 21 நாள் ஒருநேரச் சாப்பாடு என்றால் அந்த ஒரு நேரத்தில் பருப்பும் டோஃபுவும் நிறைய இருக்கட்டும், சுமையைக் கூட்டும் எண்ணத்தை அந்த மூன்று வாரம் தள்ளிவையுங்கள்.

றமழானில் இப்தாருக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து அல்லது தராவீஹுக்குப் பிறகு பயிற்சி வைப்பது நல்லது. நோன்புக் கஞ்சியில் இறைச்சிக்குப் பதில் ஆளுக்கு 50 கிராம் பயறோ பருப்போ போட்டால் அதிலேயே 12 கிராம் புரதம் வந்துவிடும். ஸஹர் நேரத்தில் அவித்த கடலை, ரொட்டி போன்று மெதுவாகச் சமிபாடடைவதை எடுங்கள்.

மீனை விட்டால் வேறு என்ன குறையும்?

முதலாவது விற்றமின் பி12. தாவரங்களில் நம்பத்தகுந்த அளவில் இல்லை. ஸ்பிருலினாவில் இருக்கிறது என்பது பிழை, அதில் இருப்பது உடலுக்குப் பயன்படாத வடிவம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியச் சில வருடங்கள்கூட ஆகும். கை கால் விறைப்பாகவும் நாக்கு எரிச்சலாகவும் சோர்வாகவும் வரும்போது நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம். நாளுக்கு 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு ஒரு தடவை 2000 மைக்ரோகிராம் சயனோகோபாலமின் மாத்திரை எடுங்கள். மற்றவற்றில் பேரம் பேசலாம், இதில் வேண்டாம்.

அடுத்தது அயடின். கடல்மீன் உண்ணும்போது தானாக வந்தது, இனி உப்பிலிருந்துதான் வர வேண்டும். அயடின் சேர்த்த உப்புப் பக்கற்றை வாங்குங்கள், சேர்க்காத கல்லுப்பு போதாது.

இரும்பு பருப்பிலும் கீரையிலும் உண்டு, ஆனால் சுலபத்தில் உடலில் சேராது. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ அதைக் கெடுக்கும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதுதான் பலருக்கும் கஷ்டம், மாற்றியே ஆக வேண்டும். மாதவிடாய் அதிகமுள்ள பெண்கள் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தம் பாருங்கள்.

ஒமேகா 3க்குப் பொடித்த ஆளிவிதை தினம் ஒரு மேசைக்கரண்டி. கல்சியத்துக்குக் குரக்கனும் எள்ளும் கீரையும்.

கிரியேட்டின், புரத மா (புரதத் தூள்) எல்லாம் வேண்டுமா? சிறுநீரகம் பழுதாகுமா?

புரத மா அவசியமில்லை. நேரமில்லாதவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். வாங்கினால் சோயா அல்லது பட்டாணிப் புரதம் பாருங்கள். வே (whey) புரதம் என்பது பாலிலிருந்து வருவது.

கிரியேட்டின் வேறு கதை, தசைக்கு உடனடிச் சக்தி கொடுக்க உதவும் பொருள் அது. அது இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதால் மரக்கறிக்காரரின் தசையில் சேமிப்புக் குறைவு. கிரியேட்டின் மொனோஹைட்ரேட் நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் நல்ல பலன் தெரியும். கடையில் விற்பது செயற்கையாகத் தயாரித்தது. மாத்திரை உறை ஜெலட்டினாக இருக்கலாம் என்பதால் தூளாக வாங்குங்கள்.

சிறுநீரகம் நல்ல நிலையில் இருப்பவருக்கு இந்த அளவுப் புரதமோ கிரியேட்டினோ தீங்கு செய்வதாகக் காணப்படவில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் வடமத்திய மாகாணத்தை ஒட்டிய பதவிசிறிபுர போன்ற இடங்களில் நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது, தொடக்கத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாது. அப்பகுதியில் வாழ்ந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது அந்நோய் உள்ளவர்கள், நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள், புரதத்தைக் கூட்டுமுன் இரத்தத்தில் கிரியேட்டினினும் (கிரியேட்டின் அல்ல, சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பாருங்கள். கிரியேட்டின் எடுப்பவருக்கு இரத்தக் கிரியேட்டினின் சற்று ஏறித் தெரியும் என்பதால், எடுப்பதை டொக்டரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதமாகச் செய்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

முதலில் கொப்பியைப் பாருங்கள். தூக்கும் எடை ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால் பயிற்சியில் பிழை. எடை ஏறியும் உடம்பு மாறவில்லை என்றால் சாப்பாட்டில் பிழை. மூன்று நாள் எல்லாவற்றையும் நிறுத்து எழுதுங்கள். பெரும்பாலும் புரதம் 60 கிராமிலேயே நிற்கும், அல்லது மொத்தக் கலோரி போதாமல் இருக்கும். உடல் எடை வாரத்துக்கு 150 முதல் 300 கிராம் ஏறினால் சரி. அசையவில்லை என்றால் தினமும் 40 கிராம் கச்சானைக் கூட்டுங்கள், 230 கலோரி வரும். தொப்புள் சுற்றளவு நெஞ்சைவிட வேகமாக ஏறினால் சம்பலையும் தேங்காய்ப்பாலையும் குறையுங்கள். நித்திரை 7 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் இவை எதுவும் சரியாக வேலை செய்யாது.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்கள்போல ஆகிவிடுவோமா?

மாட்டீர்கள். அதற்கு வேண்டிய டெஸ்டொஸ்டிரோன் பெண் உடலில் மிகக் குறைவு. எலும்பு பலமாகும், நாரி நோ குறையும். பயிற்சியும் கிலோவுக்கான புரத அளவும் ஒன்றேதான். கர்ப்பிணிகள் மட்டும் கிளினிக்கில் கேட்டுத் தொடங்குங்கள்.

மாரியில் கச்சானும் சத்துமாவும் பூஞ்சணம் பிடிக்கிறது. வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா?

வேண்டாம். கச்சானில் பிடிக்கும் பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்பை எறியுங்கள். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மாவை இரண்டு வாரத்துக்கு மேல் காணும்படி இடிக்க வேண்டாம். வறுத்ததை முழுதாக ஆறவிட்டு, காய்ந்த கண்ணாடிப் போத்தலில் இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து அன்றே கெடத் தொடங்கும்.

வீட்டு முற்றத்தில் வைத்த இரும்புக் கம்பியும் எடைத் தட்டுகளும் எல்லாம் துருப்பிடிக்கிறது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் ஒரு மாதத்திலேயே பிடிக்கும். வாரம் ஒரு தடவை காய்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுத்து மண் ஒட்டும். கை பிடிக்கும் இடத்தில் எண்ணெய் வேண்டாம், வழுக்கும். அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டால் போதும். தட்டைக் கம்பியில் பூட்டும் வளையத்தின் திருகாணி துருவால் இறுகாமல் நின்றால் அதை அன்றே மாற்றுங்கள், தட்டு காலில் விழும்.